மரம், தகரம், கல்லு

ஏறுங்க டாக்டரம்மா. சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளிக்கோங்க. காலு கிளட்ச்சுக்கு எட்டோணும், ஆனா முட்டி ஸ்டீரிங்குல இடிக்கக் கூடாது. கண்ணாடி செரியா இருக்குதுங்களா? பெல்ட்டு? ஆங். சாவியத் திருப்புங்க.

இன்னிக்கு ஏழாவது கிளாசுங்க. கியரைப் பத்தி இன்னிக்கு நினைக்கவே வேண்டாம். செகண்டுல போட்டு உட்டுடறேன், ஊரைச் சுத்தித் திரும்பி வர்ற வரைக்கும் செகண்டுதான். கிளட்ச்சு, பிரேக்கு என்ற காலடியிலயும் இருக்குது, அதை நான் பார்த்துக்கறேன். நீங்க ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுட்டு ஸ்டீரிங்கை மட்டும் கவனிங்க. வண்டி திரும்புனதே உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியக் கூடாது. காபி குடிச்சுட்டிருந்தான்னா குடிச்சுட்டே இருக்கோணும். அப்படி ஸ்டீரிங்கை ஒடிச்சுத் திருப்பத் தெரிஞ்சவந்தான் டிரைவரு. மத்தவனெல்லாம் சும்மா வண்டிய இழுத்துட்டுப் போறவன்.

என்ற கை ஸ்டீரிங்குல இருக்கறதை நீங்க கண்டுக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கும்.

அதைப் பத்தித்தான் உங்ககிட்டப் பேசோணும்னு இருந்தேன். நேத்து எறங்கறப்போ ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, "மாஸ்டர், நாளைக்கு உங்க கையை எடுத்துருங்களேன்"னு. சிரிச்சுட்டேதான் சொன்னீங்க. நானும் சிரிச்சுட்டுப் போயிட்டேன். ஊட்டுல போயி உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. என்ற சம்சாரம் கேக்கறா, என்னங்க ஒடம்புக்குன்னு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. அதே வார்த்தைய உங்களுக்கு முந்தி ஒருத்தி சொன்னா. அவ சொன்னதுல ஆரம்பிச்சதுதான் என்ற கெரகம்.

லெப்ட்ல இண்டிகேட்டர் போடுங்க. பாத்து, பால்காரர் வர்றாரு. மெதுவா. ம். என்னத்துக்கு இப்படி இறுக்கிப் புடிக்கறீங்க? ஸ்டீரிங்கு எங்கயும் ஓடிப் போயிராது. நீங்க ஒரு பக்கம் இழுத்தா நான் ஒரு பக்கம் இழுக்க வேண்டியிருக்குது.

மூடி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, நேராவே சொல்லிர்றேன். முதலாளி நேத்து சாயங்காலம் என்னைக் கூப்புட்டு உக்கார வெச்சாரு. "நாச்சிமுத்து, இந்த வருசத்துல மட்டும் எட்டுப் பொம்பளைங்க உன்கிட்டப் பாதியில நின்னுட்டாங்க. இந்த மாட்டு டாக்டரம்மாவும் நின்னாங்கன்னா நீ ஒண்ணாந்தேதியிலிருந்து வராதப்பா. எனக்கும் வேற வழியில்ல"ன்னுட்டாரு. பத்தொம்பது வருசங்க! இந்த ஸ்கூலுக்கு ஒத்தை வண்டி இருந்த காலத்துல இருந்து நான் இருக்கறேன். எனக்கு வேற தொழில் தெரியாது. லாரிக்குப் போலாம்னா இடுப்பு கேக்காது. அதனால நீங்க நிக்காம என்கிட்டயே கத்துக்கிட்டுப் பாஸாகோணும். மனசுல இருக்கறதைச் சொல்லிட்டேன்.

வெளிய எவனாச்சும் காது மூக்கு வெச்சுச் சொல்றதுக்குள்ள அந்த விசயத்தையும் நானே சொல்லிர்றேன். பார்த்துக்கோங்க, இதா வருது பாருங்க ரைஸ் மில்லு, இதுக்குப் பொறத்தால சந்துலதான் அவ ஊடு. தவமணின்னு பேரு. புருசன் சென்னியப்பன் சொந்தமா ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தாப்ல. தோட்டத்துக் குழந்தைங்களை ஏத்திட்டுப் போயி பள்ளிக்கூடத்துல உடறது. போன வருசம் தை மாசம் அந்த ஆளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் உழுந்துருச்சு. வாயும் கோணிருச்சு. பேச்சுன்னா ஒண்ணு ரெண்டு வார்த்தை, அதுவும் கொழகொழன்னு. வேன் வாசல்ல நிக்குது. ஜூன் மாசம் தொறக்கறப்ப வேன் வரலீன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. அதுக்குள்ள இவ லைசென்ஸ் எடுத்தாகோணும்.

முப்பத்தெட்டு வயசு இருக்கும். சைக்கிளைத் தவிர ஒண்ணும் தொடாதவ. முதல் நாள் வந்து கையெடுத்துக் கும்புட்டா. "மாஸ்டர், எனக்கு வந்துருமுங்களா?"

"அம்மிணி, என்கிட்ட வந்து ஃபெயிலானவங்க ஆருமில்ல. நீ சும்மா உக்காந்தாப் போதும், பாஸாயிருவே"ன்னேன். தைரியம் சொல்றதுக்குத்தானுங்க சொன்னேன்.

ஆ, இப்பப் பாருங்க! இந்த ரைஸ் மில்லுத் திருப்பத்துல என்னமோ உங்க கை லேசாயிருச்சு. இத்தனை நாளா எங்கூட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. இப்பத்தான் பதம் வந்திருக்குது. இதே மாதிரி வாங்க. முந்தாநாள் காசிபாளையத்துல கன்னு ஒண்ணு கால் மாறிக் கெடந்ததை நீங்க எடுத்து உட்டீங்களாமே, சொன்னாங்க. சுண்டி இழுக்கக் கூடாது, மாடு முக்கறப்ப அதுகூடவே போகோணும்னு நீங்களேதான் எங்கிட்டச் சொன்னீங்க. ஸ்டீரிங்கும் அதேதானுங்க. தெரிஞ்ச கை உங்களுது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? தவமணி. அவளுக்குப் பயம். லாரி வந்தாக் கண்ணை மூடிக்குவா. நெசமாலுமே மூடிக்குவாங்க! கண்ணை மூடிட்டு ஸ்டீரிங்கைக் கெட்டியாப் புடிச்சுக்குவா. அந்த மாதிரி ஆளுகிட்ட வண்டியக் குடுத்துட்டு நான் கையக் கட்டிட்டு உக்கார முடியுமா? நீங்களே சொல்லுங்க. நான்தான் ஒடிச்சேன். நான்தான் திருப்பி உட்டேன். அவ கை மேல இருக்கும், என்ற கை கீழ இருக்கும். அவ பாட்டுக்குத் தானேதான் ஓட்டறதா நினைச்சு சந்தோசமா இருந்தா. ஊட்டுல போயி புருசன்கிட்ட, இன்னிக்கு பஸ் ஸ்டேண்டைச் சுத்தி வந்துட்டேன்னு சொன்னாளாம். இருந்துட்டுப் போகட்டுமே. சந்தோசத்தைக் கெடுக்கறதா மாஸ்டர் வேலை?

செரி, டெஸ்ட்டுக்கு வாங்க. எங்க டெஸ்ட் கிரவுண்டை நீங்க இன்னும் பார்க்கல. அங்க நேராப் போயி, ஒரு பெரிய வளைவு சுத்தி, திரும்பி வந்து, ரிவர்ஸ்ல ரெண்டு கம்பத்துக்கு நடுவால நிறுத்தோணும். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்திருப்பாரு. அங்க மாஸ்டர் உள்ள ஏற முடியாது. அதுக்குன்னே நான் ஒரு மொறை வெச்சிருக்கறேன். பத்தொம்பது வருசமா அந்த மொறையிலதான் அத்தனை பேரும் பாஸு. வேற ஸ்கூல் மாஸ்டருங்களே என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க.

மரம், தகரம், கல்லு. அவ்வளவுதான். கிரவுண்டு ஓரத்துல பெரிய புங்க மரம் ஒண்ணு. அந்த மரம் உங்க கண்ணாடிக்கு நேரா வந்ததும் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒன்றரை ரவுண்டு ஒடிக்கோணும். ஒடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கோணும். வண்டி சுத்தும். டீக்கடைத் தகரம் தெரிஞ்சதும் அதே ஒன்றரை ரவுண்டைத் திருப்பி உடோணும். அப்புறம் ரிவர்ஸு. சைடு கண்ணாடியில வெள்ளைக் கல்லு வந்ததும் ஒரு ரவுண்டு, நிறுத்து. முடிஞ்சது. ரோடு தெரிய வேண்டியதில்ல, வண்டி தெரிய வேண்டியதில்ல. மரம், தகரம், கல்லு. தவமணியும் மனப்பாடம் பண்ணிட்டா. நடக்கறப்ப, சமைக்கறப்ப, மரம் ஒன்றரை, தகரம் ஒன்றரை, கல்லு ஒண்ணுன்னு சொல்லிட்டே இருப்பாளாம்.

புதன்கெழமை டெஸ்ட்டு. ஞாயித்துக்கெழமை ரோட்டை அகலம் பண்றோம்னு வந்து மரத்தை வெட்டிப் போட்டுட்டானுங்க.

எனக்குத் தெரியாதுங்க! நான் ஊர்ல இல்ல, எங்க சொந்தத்துல, ஒறம்பறை ஊட்டுல ஒரு கண்ணாலம். புதன்கெழமை காலையில போயி நிக்கறேன், கிரவுண்டு மொட்டையா இருக்குது. வேர்கூட இல்ல, மண்ணைப் போட்டு நெரவிட்டாங்க. நான் ஓடிப் போயி சொல்றதுக்குள்ள தவமணி பேரைக் கூப்புட்டுட்டாங்க. ஏறிட்டா. வண்டி நகருது. நேராப் போகுது. போகுது, போகுது, போயிட்டே இருக்குது. வளைவு வந்தாச்சு. அவ திரும்பல. கண்ணாடி வழியா வெளிய தலைய நீட்டி, "மாஸ்டர், மரம் எங்கீங்க?"னு ஒரு கத்து கத்துனா பாருங்க! அத்தனை சனமும் திரும்பிப் பார்க்குது. தார் டிரம்முல போயி டமார்னு இடிச்சு நின்னுது வண்டி.

பிரேக் இன்ஸ்பெக்டர் எறங்கி வந்தாரு. ஒண்ணும் அடிபடல, சிரிக்கறாரு. "ஏம்மா, மரம் இருந்தாத்தான் திரும்புவியா? நீ போற ரோட்டுல எல்லாம் நான் மரம் நட்டு வெக்கோணுமா?"ன்னாரு. அன்னிக்கு நம்ம ஸ்கூல்ல நாலு பேரு. நாலும் ஃபெயிலு. பத்தொம்பது வருசத்துல முதல் தடவை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மானம் போச்சு. மரத்தை வெட்டறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்ட வேண்டாமுங்களா? இத்தனை பேர் பொழப்பு அதுல இருக்குதுன்னு தெரிய வேண்டாமா?

ஸ்பீட் பிரேக்கர் வருது. நான் பிரேக்கு புடிக்கறேன். ஆங்.

டெஸ்ட்டு முடிஞ்ச மக்யா நாளு தவமணி வந்தா. புள்ளையாட்ட அழுவான்னு நினைச்சேன். அழுகல. அதுதான் எனக்கு மொதல்ல எரிச்சல். வந்து நின்னு, "மாஸ்டர், இனி மரமெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு வண்டிய ஒடிக்கச் சொல்லிக் குடுங்க. நீங்க கையை எடுத்துருங்க"ன்னா.

"அம்மிணி, நான் கையை எடுத்தா நீ வாய்க்கால்ல கொண்டு போயி உட்ருவே."

"உட்டா உட்டுட்டுப் போறேனுங்க. ஒரு நாளாச்சும் நானா உடோணுமில்ல?"

பேச்சைப் பாருங்க! நான் அவளை வையல. நல்லதுக்குத்தான் சொன்னேன், "உனக்கு இது வராது அம்மிணி, புருசனைப் பார்த்துட்டு ஊட்டுல இரு, வேனை வித்துரு"ன்னு. அதுல என்ன தப்பு? அவ நேரா முதலாளிகிட்டப் போயிட்டா. போயி என்ன சொன்னா தெரியுங்களா? அதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் செரிக்க முடியில. "முதலாளி, பதினேழாவது கிளாசுல நான் ரெண்டு கையையும் எடுத்து மடியில வெச்சுட்டேனுங்க. மூணு வீதி வண்டி அது பாட்டுக்குப் போச்சு. மாஸ்டருக்குத் தெரியவே இல்லீங்க. நல்லா ஓட்டறே அம்மிணின்னு சொன்னாருங்க"ன்னு.

பச்சைப் பொய்யிங்க!

பத்தொம்பது வருசம் ஸ்டீரிங்கு புடிச்ச கை இது. ஒரு ஆளு கையை எடுத்தா இந்தக் கைக்குத் தெரியாதா? கனம் தெரியாது? முதலாளி என்னைக் கேட்டாரு, "அவ கையை நீ பார்க்கவே இல்லியா நாச்சிமுத்து?"ன்னு. நான் ரோட்டைத்தானுங்க பார்ப்பேன். மாஸ்டர் ஒருத்தன் படிக்கறவங்க கையப் பார்த்துட்டிருந்தா வண்டி எங்க போயி நிக்கும்? இதுகூடத் தெரியாம அந்த மனுசன் ஒரு ஸ்கூலு நடத்தறாரு. ஆனா அவ சொன்னதை நம்புனாரு, அதுதான் கொடுமை. என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. சிரிச்சாரு.

வாய்க்காப் பாலம் வருதுங்க. இங்க மட்டும் நான் கொஞ்சம் அழுத்திப் புடிச்சுக்குவேன், தப்பா நினைக்காதீங்க. ரைட்டுல லேசா. தண்ணி முட்ட முட்டப் போகுது பாருங்க. போதும், திருப்பி உடுங்க. ம், தாண்டியாச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இதே பாலத்துல, நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம், ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தரு கத்துக்கிட்டிருந்தாரு. நல்லா ஓட்டறாரேன்னு நான் கையை எடுத்தேன். எடுத்து ஒரு பீடி பத்த வெக்கறேன். எதுக்கால வந்த பஸ்சு ஹாரன் அடிச்சுது. அவரு பயந்து அந்தப் பக்கம் ஒடிக்க வேண்டியதை இந்தப் பக்கம் ஒடிச்சுட்டாரு. கட்டைச் சுவத்தை இடிச்சுட்டு முன்னாடி சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நிக்குது. கீழ தண்ணி போகுது, நான் மேல இருந்து பார்த்துட்டிருக்கேன். எனக்கு நீச்சல் தெரியாதுங்க. கயிறு கட்டி இழுத்தாங்க எங்களை. அன்னிக்கு வெச்ச கையிதான் இது. பயமுங்க. பயந்தான். சொல்றதுல என்ன வெக்கம்? ஆனா பாருங்க, அதுக்கப்புறம் என்கிட்டப் படிச்சவங்க ஒருத்தர்கூட ஆக்சிடென்ட் பண்ணினதில்ல. முக்காவாசிப் பேரு லைசென்சை பீரோவுல வெச்சுட்டு டிரைவர் போட்டுக்கிட்டாங்க, அது வேற விசயம். ஆக்சிடென்ட் இல்லியல்ல?

தவமணி என்ன பண்ணுனா கேளுங்க. ஸ்கூலுக்கு வர்றதை நிறுத்திட்டா. தண்ணியில்லாத குளம் ஒண்ணு இருக்குது நம்மூர்ல, பெரிய வெளி. சென்னியப்பனோட சித்தப்பா மகன் வேனை அங்க கொண்டாந்து நிறுத்திக் குடுத்துட்டு வேலைக்குப் போயிருவான். அவ டிரைவர் சீட்டுல. சென்னியப்பன் இடது பக்கம், நான் இப்ப உக்காந்திருக்கேனே, இந்த எடத்துல. வெள்ளனே ஆறு மணிக்கு. கேள்விப்பட்டு நானும் போனேன். டிவிஎஸ் வண்டிய ஒரு வேலாமரத்துக்குப் பின்னால நிறுத்திட்டுப் பார்த்தேன்.

இடிக்கட்டும்னுதான் பார்த்தேன். பொய் சொல்லல. ஒரு நாளைக்கு நல்லா இடிச்சுட்டு என்கிட்ட வரட்டும்னு நினைச்சேன்.

அந்த ஆளுக்கு வலது கை வராதுங்க. ஸ்டீரிங்கு பக்கம் இருக்கற கை அதுதான். துணியில கட்டி மடியில வெச்சிருக்கறான். இடது கையில மேல இருக்கற கம்பியைப் புடிச்சிருக்கறான். அவ ஒடிச்சா வண்டி கோணல் மாணலாப் போகுது, பாம்பு போன தடமாட்ட. ஒரு தடவை கரை மேலயே ஏறிருச்சு. அவன் ஒண்ணும் பண்ணல. என்ன பண்ணுவான் பாவம், கைதான் இல்லியே. வாயில ரெண்டே வார்த்தை. "தூரம்"ங்கறான். "உடு"ங்கறான். அவ்வளவுதான் பாடம். தூரமாப் பாருங்கறான், பார்த்தாளா, ஒடிச்சாளா, அப்புறம் உடுங்கறான். அவ விரலைத் தளர்த்துனா ஸ்டீரிங்கு அதுவா வழுக்கிட்டுத் திரும்பி வருது. மறுபடி தூரம். மறுபடி உடு. ரெண்டு மணி நேரம் இதையே பண்ணுனாங்க. எனக்குக் காலு கடுத்துப் போச்சு.

நாலாவது நாளு போறேன், வண்டி பெருசா வட்டம் போடுது. புழுதி மட்டும் எழும்புது. ஒரு குலுங்கல் இல்ல. அவன் வாயையே தொறக்கல. தலைய சீட்டுல சாச்சுத் தூங்கிட்டிருக்கறான். அவ ஓட்டறா, புருசன் தூங்கறான். அன்னிக்கு எனக்கு வந்த ஆத்தரம் இருக்குதே, மரத்தை வெட்டுன அன்னிக்குக்கூட வரல.

கையே வராத ஒரு ஆளு என்னத்தைங்க கத்துக் குடுத்திருப்பான்? நீங்க படிச்சவங்க, யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாம் நான் போட்ட அஸ்திவாரம். இருபது கிளாஸ் என்கிட்டப் படிச்சுட்டு அங்க போயி நாலு நாள்ல வந்துருச்சுன்னா அது ஆரு வேலை? அதைச் சொல்ல அவளுக்கு வாயில்ல. ரெண்டாவது டெஸ்ட்டுல மரமும் பார்க்கல, தகரமும் பார்க்கல, பாஸ் பண்ணிட்டா. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே வேன் ஓடிருச்சு. கையில வளையல் குலுங்க இப்பவும் ஓட்டறா. எதுக்கால வந்தா ஹாரன் அடிச்சு, "வணக்கமுங்க மாஸ்டர்"ங்கறா. மரியாதைக் குறைச்சலா ஒரு நாளும் பேசல. அது இன்னும் எரியுதுங்க. திட்டுனான்னா திருப்பித் திட்டலாம்.

அதோட உட்டாளா? நம்ம ஸ்கூல்ல லைசென்ஸ் வாங்குனாங்களே பொம்பளைங்க, பீரோவுல வெச்சிருந்தாங்கன்னு சொன்னனே, அவங்க எல்லாம் இப்ப ஞாயித்துக்கெழமையானா அந்தக் குளத்துல நிக்கறாங்க. அவங்கவங்க காரை எடுத்துட்டு வந்து தவமணிகிட்டக் கத்துக்கறாங்க. நான் பாஸ் பண்ண வெச்ச ஆளுங்க, அவகிட்டப் போயி ஓட்டக் கத்துக்கறாங்க! போர்டு இல்ல, ஒண்ணும் இல்ல. பக்கத்துல உக்காந்து, ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்திக் கட்டிக்குவாளாம். கட்டிட்டு, "தூரமாப் பாருங்க"ன்னு ஒண்ணு சொல்றது, "உடுங்க"ன்னு ஒண்ணு சொல்றது. பாதியில நின்ன எட்டுப் பேரும் அங்கதான் போயிருக்காங்க. போறப்ப என்கிட்டயே நம்பர் கேக்கறாங்க, "மாஸ்டர், தவமணி அக்கா நம்பரு உங்ககிட்ட இருக்குமாமே"ன்னு. இருக்குதுங்க. அவ சேர்றப்ப ஃபாரத்துல எழுதுன நம்பரு எனக்கு மனப்பாடம். குடுக்க மாட்டேன். என்ற சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவனா?

இதை எல்லாம் உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்களும் நேத்து அதே வார்த்தைய சொல்லிட்டீங்க. கையை எடுங்கன்னு. கையை எடுக்கறது என்ன பெரிய வேலை, எந்த முட்டாளும் எடுத்துருவான். வெச்சிருக்கறதுதானுங்க கஷ்டம். எட்டு மணி நேரம் கையை நீட்டி நீட்டி இந்தத் தோளு தூக்க முடியாமக் கெடக்குது. ஆருக்காக? எனக்கா?

ஊர் எல்லை ஆர்ச்சு வந்துருச்சு. இதுதான் கடைசித் திருப்பம். லெப்ட்ல ஒடிங்க... பதறாம... ஆங், அப்படியே... இப்பத் திருப்பி உடுங்க. அட, அட! பாத்தீங்களா? திரும்புனதே தெரியில. காபி குடிக்கறவன் குடிச்சுட்டே இருப்பான். இதைத்தானுங்க நான் சொன்னது. ஏழாவது நாளே இந்த மாதிரி ஒடிச்ச ஆளை நான் பார்த்ததில்ல. முதலாளிகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லோணும். அந்தத் தவமணிகிட்டப் போனா வருமா இந்தத் திருப்பம்? அதுக்கெல்லாம் உங்க கை மாதிரி ஒரு...

ஏனுங்க டாக்டரம்மா.

உங்க கை எங்கீங்க?

மடியிலயா.

எப்ப எடுத்தீங்க? இந்தத் திருப்பத்துலயா? இல்லியா? பாலத்துலயா? அதுக்கும் முன்னாலயா? சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ரைஸ் மில்லுலயா?

ரைஸ் மில்லுல.

நான் பதம் வந்துருச்சுன்னு சொன்னனே, அப்பவா?

செரிங்க. செரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அப்ப அவ சொன்னது நெசம்.

கையை வைங்க டாக்டரம்மா. ரெண்டு கையும் வைங்க. நான் எடுத்துடறேன். ஆமாங்க, நெசமாத்தான். இதா, பாருங்க, எடுத்துட்டேன். தொடைக்கு அடியில வெச்சு மேல உக்காந்துக்கறேன், போதுமா? இங்க இருந்து ஆபீசு வரைக்கும் நேர் ரோடுதான். ஓட்டுங்க. அலையுது... அலையட்டும், பரவால்ல. பானெட்டைப் பார்க்காதீங்க. தூரமாப் பாருங்க. தூரமா. அந்தா அந்த வேப்ப மரத்தை... இல்ல இல்ல, மரம் வேண்டாம், சும்மா தூரமாப் பாருங்க. எருமை நிக்குது. அது பாட்டுக்கு நிக்கும். ஒண்ணும் ஆகாது. லேசா ரைட்டு. லேசா. லேசான்னேன்! ஆங். தாண்டியாச்சு. பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. இப்ப நல்லா வருது. சொகுசா வருது. நீங்களே பாருங்க எப்படி...

ஏன் மறுபடி கையை எடுத்துட்டீங்க?

ஓ.

நான் எப்ப வெச்சேன்?

சத்தியமாத் தெரியில டாக்டரம்மா. அடியில வெச்சு மேல உக்காந்திருந்தேன். எருமைகிட்ட வந்திருக்குமா? எடுத்தது தெரியுது, வெச்சது தெரியில. எடுக்கறேன் இருங்க. எடுக்கறேன்... இல்லீங்க, முடியில. அந்தப் பாலம் கண்ணுல நிக்குது.

அந்தா, முதலாளி வாசல்ல நிக்கறாரு. நம்ம வண்டியத்தான் பார்க்கறாரு. சிரிக்கறாரு பாருங்க. எவ்வளவு நேரா வருது, டாக்டரம்மாவுக்கு வந்துருச்சுன்னு நினைச்சுக்கறாரு.

அவரு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. எனக்காகப் பார்க்க வேண்டாம். தோட்டம் தோட்டமாப் போயி கன்னு எடுக்கற ஆளு நீங்க, அங்க எல்லாம் நான் பக்கத்துல உக்காந்து வர முடியாது. தவமணி நம்பரு சொல்றேன், போனை எடுத்துக் குறிச்சுக்கோங்க. இப்பவே எடுங்க, வண்டி நிக்க வேண்டியதில்ல. ரெண்டு கையுந்தான் உங்களுக்குச் சும்மா இருக்குதே.